சியாக்காப்பும் கொடுவாவும்



நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் விடுமுறைக் கட்டுரையில், தந்தையுடன் மெர்சிங் சென்று, ‘பெலானாக்’ குஞ்சை இரையாக்கிச் ‘சியாக்காப்’ பிடித்ததாக எழுதியிருந்தான். இரு சொற்களையும் சிவப்பு மையால் வட்டமிட்டேன். வட்டமிட்ட பின்னரே, அவற்றின் தமிழ்ப்பெயர்கள் எனக்கும் உடனே நினைவுக்கு வரவில்லை என்பதை உணர்ந்தேன். சியாக்காப் என்பது கொடுவா. பெலானாக் என்பது மடவை. லாபிஸ் கடலோர ஊரன்று என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆயினும் மனம் ஒப்பவில்லை.

இவ்விரண்டும் ஆறு கடலோடு கலக்கும் கழிமுகங்களில் வாழும் மீன்கள். மடவை சேற்றிலுள்ள பாசியையும் மக்கிய பொருள்களையும் உண்பது. ஆகவே தூண்டிலுக்கு எளிதில் அகப்படாது. கொடுவாவோ வேட்டை மீன். மடவைக் குஞ்சுகளைத் துரத்தி உண்ணும். இதனை அறிந்த தூண்டிற்காரர் சிலர், உயிர் இரைக்கு மாற்றாக, கொக்கியில் இறகையும் நூலையும் கட்டி அக்குஞ்சுபோலத் தோற்றுவிப்பர். போலி இரைக்கு எடையில்லை. எனவே கனமான நூலையே சுழற்றி வீசுவர்.

இறகுத் தூண்டில் ஆற்றில் பிறந்த கலை. கி.பி. 200 வாக்கில் ஏலியன் என்னும் உரோம எழுத்தாளர், மாசிடோனியர் கொக்கியில் செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் இறகு இரண்டைப் பொருத்தி மீன்பிடித்ததைக் குறித்துள்ளார். கடலுக்கு அது வந்தது மிகப் பிந்தித்தான். இந்தியாவில் ஆங்கிலேயர் தூண்டிற்கலையைப் பற்றி எழுதிய நூல்களுள் புகழ்பெற்றது, சென்னை மாகாண அதிகாரி எச். எஸ். தாமஸ் 1873இல் வெளியிட்ட ‘தி ராட் இன் இந்தியா’. அதே காலத்தில், சென்னைப் படையின் மருத்துவராயிருந்த பிரான்சிஸ் டே, ‘இந்திய மீன்கள்’ என்னும் பெருநூலை 1875 முதல் 1878 வரை வெளியிட்டார். மீன்களுக்குத் தமிழ், தெலுங்கு, மலையாளம் முதலிய மொழிகளில் வழங்கிய பெயர்களையும் அதில் சேர்த்தார். அப்பெயர்களை அவருக்குச் சொன்னவர் யாராயிருப்பர்? வலை இழுத்தவரும் சந்தையில் மீன் விற்றவருமாகத்தான் இருக்க வேண்டும்.

வியப்பான செய்தி ஒன்று. அக்கால இந்திய ஆங்கிலேயர் கொடுவாவைக் ‘காக்கப்’ என்றழைத்தனர். 1886இல் யூலும் பர்னலும் தொகுத்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி, அச்சொல் எதன் திரிபு எனத் தெரியாமல் திணறியது. வில்லியம் குரூக் 1903இல் பதிப்பித்தபோதுதான் விடை கிடைத்தது: மலாய்ச் சொல்லான ‘காக்காப்’, அதன் பரவலான வடிவம் ‘சியாக்காப்’! நான் வட்டமிட்ட அதே சொல், எப்போதோ வங்கக் கடலைக் கடந்து கல்கத்தா வெள்ளையரின் காலை உணவு மேசைவரை சென்றிருக்கிறது.

நம் முன்னோர் கொடுவாவை மறந்தவர்கள் என்றும் சொல்ல இயலாது. தோட்டங்களுக்கு வந்தவர்களுள் பெரும்பாலோர் திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆற்காடு மாவட்டங்களின் உழவர்கள். கெண்டையும் கெளுத்தியும் விராலும் அவர்கள் அறிந்தவை. கடல்மீன்கள் பலவற்றை அவர்கள் இம்மண்ணில்தான், மலாய்ப் பெயருடன், முதன்முதலாகக் கண்டிருப்பர் என்றே எனக்குத் தோன்றுகிறது. இழந்த சொல் வேறு. கைக்கே வந்து சேராத சொல் வேறு.

மறுநாள் அவனை அழைத்து, சியாக்காப்பை அடிக்காமல், அதனருகே ‘கொடுவா’ என எழுதிக் காட்டினேன்.

“அப்படின்னா பெலானாக்குக்கு என்ன டீச்சர்?” என்றான்.