இசைத்தட்டும் இரசிகர் அவையும்

ஓவியம் சுவரிலே நிற்கும். சிற்பம் கல்லிலே நிற்கும். காவியம் ஏட்டிலே நிற்கும். இசை ஒன்றே, பாடுவோன் வாய் மூடியதும், கேட்டோர் நினைவிலன்றி வேறெங்கும் நில்லாத கலையாக நெடுங்காலம் இருந்து வந்தது. ஒரு வித்துவான் மறைந்தால் அவருடைய இசையும் அவரோடு மறைந்தது. எஞ்சியது, கேட்டவர் சொன்ன சொல் மட்டுமே.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராகவும் பணியாற்றிய சுவாமி விபுலாநந்தர், பல ஆண்டுகள் முயன்று ஆக்கிய யாழ் நூல் 1947ஆம் ஆண்டில் வெளிவந்தது. பண்டைத் தமிழர் மீட்டிய யாழ் எவ்வாறு ஒலித்தது என்பதைக் கேட்டுச் சொல்ல ஒருவரும் இல்லை. ஆகவே, சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் அதன் உரைகளையும் துணைக்கொண்டு, நரம்புகளின் அளவையும் சுருதிகளின் கணக்கையும் ஆராய்ந்து, மறைந்த ஓசையை அவர் அறிவினால் மீட்க முயன்றார். ஓர் இனத்தின் செவிச் செல்வம் பதிவு பெறாமற்போனால் அதனைத் திரும்பப் பெற எத்துணை உழைப்பு வேண்டும் என்பதற்கு அந்நூலினும் சிறந்த சாட்சி இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும் பாடகரான மகா வைத்தியநாத ஐயர் 1893இல் மறைந்தார். அவர் குரலின் ஓர் இழையும் இன்று நம்மிடம் இல்லை, உ. வே. சாமிநாதையர் முதலானோர் எழுதி வைத்த செய்திகளே உள்ளன. கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் ஜாஸ் இசை தோன்றிய நாட்களில் கோர்னெட் என்னும் ஊதுகருவியை இசைத்துப் பெரும்புகழ் கொண்டவர் பட்டி போல்டன் என்னும் கறுப்பின இசைஞர். 1907ஆம் ஆண்டளவில் மனநோயால் அவர் இசையுலகை விட்டு நீங்கினார். அவருடைய வாசிப்பைத் தாங்கிய இசைத்தட்டு ஒன்றேனும் கிடைக்கவில்லை. ஜாஸின் தொடக்கத்தை ஆராய்வோர் முதியோரின் நினைவுகளையே நம்ப வேண்டியவராயினர்.

எமில் பெர்லினர் 1887இல் தட்டு வடிவான கிராமபோனுக்கு உரிமை பெற்றபோது இந்நிலை மாறத் தொடங்கிற்று. 1902ஆம் ஆண்டின் இறுதியில் பிரெட் கெய்ஸ்பெர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலானோரின் பாட்டைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் கௌஹர் ஜான் தமது பெயரை உரத்துச் சொல்வார். தட்டுகள் அக்காலத்தில் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் அச்சாகி வந்தன. அங்குள்ள தொழிலாளர் பாடகரை அடையாளம் காண அது உதவிற்று. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் தொழிற்சாலை எழுந்தது. அதன்பின் தட்டுகள் இந்நாடுகளில் மலிந்தன.

தென்னாட்டில் முதலில் தட்டுக்குப் பாட முன்வந்தோருட் பலர் பெண்கள். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலியோரின் குரல்கள் இவ்வாறே நிலைபெற்றன. மதிப்பு மிகுந்த ஆண் வித்துவான்கள் பலர், இயந்திரத்தின் முன் பாடத் தயங்கினர். எனவே தட்டுகளை மட்டும் கொண்டு அக்கால இசையை அளக்க முற்படுவோன் ஒரு பக்கத்தையே காண்பான். இது பின்னர் நினைவில் கொள்ள வேண்டிய ஒரு செய்தி.

தாயியின் தட்டு சென்ற தூரம் வியப்புக்குரியது. பிரெஞ்சு இசையமைப்பாளரும் ராவெலின் மாணவருமான மொரிஸ் டெலாஜ் 1912இல் இந்தியாவுக்கு வந்தார். தாயியின் பாட்டை ஆதாரமாகக் கொண்டு இராகமாலிகா என்னும் ஆக்கத்தைக் குரலுக்கும் பியானோவுக்கும் அமைத்தார். நம் நாட்டு முழவின் ஒலியைக் காட்டும் பொருட்டு, பியானோவின் ஒரு தந்தியை அட்டைத் துண்டு கொண்டு அடக்கி ஒலிக்கச் செய்தார். கோவையில் பிறந்த ஒரு பாடகியின் தட்டைப் பாரிசில் ஒருவர் மீண்டும் மீண்டும் கேட்டு ஆராய்ந்தார் என்பதே இங்குக் கருதத்தக்கது. கச்சேரியில் கேட்டவனுக்கு ஒருமுறைதான் வாய்ப்பு. தட்டை உடையவனுக்கோ ஊசி தேயும் வரை வாய்ப்பு உண்டு. ‘அந்த இடத்தில் அவர் இப்படித்தான் பாடினார்’ என்று ஒருவர் சொன்னால், ‘போட்டுப் பார்ப்போம்’ என்று மற்றவர் சொல்லும் நிலை உலக வரலாற்றில் அப்போதுதான் பிறந்தது.

இலங்கையில் வானொலியின் பிறப்பும் இசைத்தட்டோடு பிணைந்ததே. 1923இல் கொழும்பு மத்தியத் தந்தி நிலையத்தின் சிறு அறை ஒன்றிலிருந்து, கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் கருவிகளைக் கொண்டு அமைத்த ஒலிபரப்பியின் வழியாகக் கிராமபோன் இசை பரிசோதனையாக ஒலிபரப்பப்பட்டது. எட்வர்ட் ஹார்ப்பரின் முயற்சியால் 1925 டிசம்பர் 16ஆம் நாள் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கிற்று. தட்டு வாங்க வசதியற்றவனும் தட்டைப் பற்றிக் கருத்துரைக்க உரிமை பெற்றான்.

துறைமுகங்கள் சரக்கை மட்டும் இறக்குவதில்லை; ஓசைகளையும் இறக்குகின்றன. அன்புவழிபுரத்துக்கு அண்மையில் விரிந்து கிடக்கும் திருகோணமலைத் துறைமுகம் பிரித்தானியக் கடற்படையின் பெருந்தளமாக விளங்கிற்று. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் அதன் முக்கியத்துவம் பெருகிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் அதன்மீது குண்டு வீசின. போர்க்காலப் படையினருக்காகத் தோன்றிய சீக் வானொலி கொழும்பிலிருந்து ஒலித்தது. அதன் வலிமை மிக்க ஒலிபரப்பி 1949இல் இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. திருகோணமலைத் தளமும் 1957இல் இலங்கைக்கு உரித்தாயிற்று. தமிழ்த் தட்டும் மேல்நாட்டுத் தட்டும் ஒரே நிலையத்திலிருந்து ஒலித்த அக்காலம், இருவகை இசையையும் ஒப்பிடும் செவியை இந்நாட்டவருக்குத் தந்தது.

அவ்வாறு ஒப்பிடுவோர்க்கு ஓர் உண்மை விரைவில் புலனாகும். கருநாடக இசையும் ஜாஸும் தோற்றத்தாலும் இலக்கணத்தாலும் வேறுவேறானவை. ஆயினும் கலைஞன் அவையிலேயே புதிது படைக்கும் மனோதர்மம் இரண்டுக்கும் உயிர். அந்த உயிருக்கே இசைத்தட்டு தளையிட்டது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். ஒரு மணி நேரம் விரியும் தோடி அம்மூன்று நிமிடத்துள் எவ்வாறு அடங்கும்? அடங்காது. ஆயினும் டி. என். இராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரத் தோடி தட்டிலே வந்து பல்லாயிரம் செவிகளை ஆட்கொண்டது. லூயி ஆம்ஸ்ட்ராங் 1925 முதல் 1928 வரை தம் சிறு குழுவுடன் பதித்த தட்டுகளும் அத்தகையனவே. குறுகிய இடத்தில் வேண்டாதன உதிர்ந்து, வேண்டுவன மட்டும் நின்றன.

அக்குறுக்கத்தை ஏற்க மறுத்தோரும் உண்டு. டியூக் எலிங்டன் தம் தாயார் 1935இல் மறைந்த துயரில் ஒரு நீண்ட ஆக்கத்தை இயற்றினார். ஏறத்தாழப் பதின்மூன்று நிமிடம் ஓடும் அது தட்டுகளின் நான்கு பக்கங்களில் வெளிவந்தது. ஜாஸ் நாடனத்துக்கு உரியது, அதற்கு இத்தனை நீளம் ஏன் என்று திறனாய்வாளர் சிலர் கடிந்தனர். மகனின் புலம்பலை, வழக்கமான அளவில் இல்லை என்பதற்காகவே அவர்கள் தள்ளினர். பின்வந்தோர் அதே தட்டுகளை மீண்டும் கேட்டு அத்தீர்ப்பை மாற்றினர். தட்டு இருந்தமையால் அன்றோ மேன்முறையீடு கைகூடிற்று!

இத்தகைய வழக்குகள் நடைபெற அவைகளும் எழுந்தன. 1923இல் கொம்ப்டன் மக்கன்சி இலண்டனில் தி கிராமபோன் என்னும் இதழைத் தொடங்கினார். 1930களில் இங்கிலாந்தில் ஜாஸ் இரசிகர் மன்றங்கள் பெருகின. உறுப்பினர் தம் தட்டுகளைக் கொணர்ந்து, சுழலவிட்டு, கருத்துரைத்துக் கலைந்தனர். 1932இல் பாரிசில் ஹாட் கிளப் தோன்றியது. அதன் தூண்களுள் ஒருவரான சார்ல்ஸ் டெலோனே, எந்தத் தட்டில் யார் எக்கருவியை வாசித்தார் என்பதைத் தொகுத்து 1936இல் நூலாக்கினார். வணிக நிறுவனங்கள் குறித்து வையாத செய்திகளை இரசிகர்கள் தேடித் தொகுத்து வரலாறாக்கினர்.

தமிழிலும் அவை கூடிற்று. 1930களில் கல்கி கிருஷ்ணமூர்த்தி ஆனந்த விகடனில் கர்நாடகம் என்னும் புனைபெயரில் எழுதிய விமர்சனங்கள், இசை பற்றிய கருத்து வித்துவான்களுக்கு மட்டும் உரியதன்று, கேட்கும் குடும்பத்தாருக்கும் உரியது என்பதை நிலைநாட்டின.

ஆயினும் கருத்துக்கு ஒரு பெருங்குறை உண்டு. அது கைக்கெட்டியதையே உலகம் என்று நம்பும். ஹாட் கிளப்பின் மற்றொரு தூணான ஹியூக் பனாசியே 1934இல் ஜாஸ் பற்றி எழுதிய நூலில் வெள்ளையர் பலரை அளவுக்கு மீறிப் புகழ்ந்திருந்தார். 1942இல் வெளிவந்த மற்றொரு நூலில், தாம் முதலில் அறிந்தது வெள்ளையரின் வாசிப்பையே என்றும், அதனால் இக்கலையைப் படைத்த கறுப்பின மக்களின் தலைமையை உணரத் தவறியதாகவும் ஒப்புக்கொண்டார். இசைத்தட்டு வரலாற்றிலே இதனினும் பயனுள்ள ஒப்புதல் அரிது. அவருடைய செவி பழுதன்று. அச்செவிக்குக் கிடைத்தவை பக்கச் சார்பானவை. முதல் ஜாஸ் தட்டு எனப்படுவதும் 1917இல் ஒரு வெள்ளையர் குழு பதித்ததே என்பதை இங்கு நினைத்தல் தகும்.

ஆனால் அதே பனாசியே 1940களில் பீபாப் என்னும் புதுப்பாணி எழுந்தபோது, அது ஜாஸே அன்று என்று மறுத்தார். டெலோனே அதனை வரவேற்றார். 1947இல் நண்பர் இருவரும் பிரிந்தனர். அவ்வாண்டுகளிலேயே தமிழகத்தில் கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் எது என்ற வாதம் மூண்டிருந்தது. 1941இல் அண்ணாமலைநகரில் கூடிய மாநாடும் 1943இல் எழுந்த தமிழ் இசைச் சங்கமும் அதன் விளைவுகள். அவ்விரு வாதங்களிலும் சொற்கள் சில வேளை எல்லை மீறின. எனினும் இன்று பீபாப்பும் ஜாஸாகவே கேட்கப்படுகின்றது; தமிழ்ப் பாட்டும் மேடையில் ஒலிக்கின்றது. வாதம் கசந்தது, இசை வளர்ந்தது.

இசைத்தட்டும் அழியாப் பொருளன்று. 78 சுழற்சித் தட்டுகள் அரக்கினால் ஆனவை; அவ்வரக்கின் பெரும்பங்கு இந்தியக் காடுகளில் சிறு பூச்சிகள் தந்தது. இரண்டாம் உலகப் போரில் அரக்குக்குத் தட்டுப்பாடு வந்தபோது, மேல்நாடுகளில் பழைய தட்டுகள் சேகரிக்கப்பட்டு, உடைக்கப்பட்டு, புதுத் தட்டுகளுக்கு மூலப்பொருளாயின. எத்தனை குரல்கள் அவ்வாறு பொடியாயின என்பதை யார் கணக்கிட வல்லார்? ஒருவர் குப்பை என்று கொடுத்ததை மற்றொருவர் வேண்டும் என்று காத்த இடங்களிலேயே அவை தப்பின.

1948இல் நெடுநேரம் ஓடும் தட்டு வந்து, மூன்று நிமிடத் தளையை அறுத்தது. 1958இல் டேவ் புரூபெக்கின் குழுவும் 1963இல் எலிங்டனின் குழுவும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தன. அப்பயணங்களின் நினைவு இருவருடைய பிந்திய இசைத்தட்டுகளிலும் ஒலிக்கின்றது. நம் குரல் தட்டேறிப் பாரிசுக்குச் சென்ற அரை நூற்றாண்டில், அவர்கள் நேரிலேயே கேட்க வந்தனர்.

இன்று அன்புவழிபுரத்தில் ஓர் இளைஞன் கைப்பேசியைத் தொட்டால் கோயம்புத்தூர் தாயியும் ஆம்ஸ்ட்ராங்கும் அடுத்தடுத்துப் பாடுவர். ஆயினும் பனாசியேயின் பாடம் அவனுக்கும் உரியது. கிடைப்பதெல்லாம் இருந்ததெல்லாம் அன்று. எவர் குரல் பதிவாயிற்று, எவர் குரல் விடுபட்டது, ஏன் விடுபட்டது என்று கேட்பவனே நல்ல இரசிகன். வீட்டு மூலையிலே பழைய தட்டுகளோ ஒலிநாடாக்களோ கிடக்குமாயின், அவற்றை எறியுமுன் ஒருமுறை ஒலிக்கச் செய்து, கேட்டு, அறிந்தவரோடு பேசிப் பார்த்தல் நன்று. யாழின் ஓசையைக் கணக்கிட்டு மீட்க ஒரு விபுலாநந்தர் கிடைத்தார். ஒவ்வொரு குரலுக்கும் ஒருவர் கிடைப்பார் என்பதற்கு உறுதி ஏது?