படைவீரர் குடும்பத்துக்குத் துணை நின்றோர்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. கரிசலில் பருத்தியும் மிளகாயும் பொய்த்த ஆண்டுகளில் பட்டாளத்துச் சம்பளம்தான் பல வீடுகளில் அடுப்பெரிய வைத்தது. அப்படிப் போய்ச் சேவை முடித்துத் திரும்பியவருக்கும், திரும்பாதவரின் குடும்பத்துக்கும் துணை நிற்கும் அமைப்புகளின் வரலாற்றை இந்தக் கொடிநாள் மலரில் பதிவு செய்வது நம் கடமை.

முதல் உலகப் போரில் மாண்டவர்களின் குடும்பங்களையும் படையிலிருந்து விடுபட்டவர்களையும் கவனிக்க உருவானது இந்தியப் படைவீரர் வாரியம். அதுவே 1975 முதல் கேந்திரிய சைனிக் போர்டு என வழங்குகிறது. மாவட்ட வாரியத்துக்கு ஆட்சியர் தலைவர். முன்னாள் படையினர் சம்பளமின்றி அதில் உறுப்பினராக உழைக்கிறார்கள். 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாள். அன்று உண்டியலில் விழும் காசு ஊனமுற்ற வீரருக்கும், வீரரின் மனைவி மக்களுக்கும் போய்ச் சேருகிறது.

நம் பகுதி ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தவரை ஆட்சியர் அலுவலகம் மதுரையில் இருந்தது. 1985 மார்ச் 15 அன்று விருதுநகர் தனி மாவட்டமான பின்தான் அந்த அலைச்சல் குறைந்தது.

ஆனாலும் அலுவலகம் பக்கத்தில் வந்துவிட்டால் மட்டும் உதவி வீடு தேடி வராது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களில் பலருக்கு ஓய்வூதியம் கிடையாது. தமிழக அரசு அவர்களுக்கும் அவர்தம் கைம்பெண்களுக்கும் மாத உதவித்தொகை கொடுத்தது. அதைப் பெற டிஸ்சார்ஜ் புத்தகம் வேண்டும். கணவர் மதராஸ் ரெஜிமென்ட் என்றால் ஆவணம் வெலிங்டனில்; மதராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரில். மனைவியின் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் குடும்ப ஓய்வூதியம் இழுபடும். திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்கும் ஒரு மூதாட்டி இதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பார்? அவருக்காக ரெக்கார்ட் ஆபீசுக்குக் கடிதம் எழுதி, விருதுநகருக்குப் பஸ் ஏற்றி, குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவோடு கூடவே நிற்கும் முன்னாள் ஹவில்தார்களும் சுபேதார்களும்தான் இந்த அமைப்புகளுக்கு உயிர். மேடையும் மாலையும் இல்லாத அந்தத் தொண்டே நம் வரலாற்றின் பெரும்பகுதி.

2003-இல் முன்னாள் படையினர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் வந்தது. இப்போது ஓய்வூதியம் 'ஸ்பார்ஷ்' என்னும் இணையவழி முறைக்கு மாறிவிட்டது. ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று பதிவாகாவிட்டால் பணம் நின்றுபோகும். கையெழுத்துப் போடத் தயங்கும் ஆச்சிக்குக் கைப்பேசியில் அதைப் பதிந்து தர, படித்த பேரப்பிள்ளைகள் வேண்டும். ஊருக்கு ஓர் இளைஞர் இந்த வேலையைக் கற்றுக்கொண்டு முன்வரட்டும். மூத்தவர்கள் சுமந்த பொறுப்பை ஏற்க இதைவிடத் தக்க தருணம் இல்லை.