கழுவிப் பூட்டிய காலம்

இலக்கியத் தொடர் ஒன்றிலே சைக்கிளுக்கு என்ன வேலை என்று நேயர்களுள் சிலர் கேட்கக்கூடும். வரலாறு எழுதப் புகுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் ஏட்டுச் சுவடியையும் தேடிப் போவது மரபு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அண்மைக்கால வரலாற்றை எழுத விரும்புகிறவர் அவற்றோடு ஒரு சைக்கிள் கடைக் கொட்டிலிலும் அரை நாள் குந்தியிருக்க வேண்டும் என்பேன். அங்கே ஏடு எதுவும் இல்லை. எண்ணெய்க் கறை படிந்த கைகளில்தான் எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது.

குடாநாட்டில் மலை இல்லை, ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கற் படுகையின் மேல் விரிந்த தட்டையான நிலம். வீட்டிலிருந்து கோயில், கோயிலிலிருந்து சந்தை, சந்தையிலிருந்து பள்ளிக்கூடம் என்று எல்லாமே சில கட்டை தூரத்துக்குள் அடங்கிவிடும். இங்கிலாந்தின் கொவென்றி நகரில் 1885 இல் இரு சக்கரமும் ஒத்த அளவினதாய், செயின் பூட்டிய ‘றோவர்’ சைக்கிள் வெளிவந்தது. 1888 இல் பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராயிருந்த டன்லப் காற்றடைத்த ரயருக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். இவ்விரண்டும் எம்மூரை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. ஆயினும் எம்மூருக்கென்றே அளவெடுத்துச் செய்தவைபோல் வந்து பொருந்தின.

எங்கள் பேரனார் காலத்தில் சைக்கிள் என்றால் ரலி, இல்லையேல் ஹம்பர். நொட்டிங்காமிலிருந்து கப்பலேறி வந்த ரலி, ஒரு தொழிற்சாலையின் பெயர் என்பதே மறந்து, வண்டியின் பெயராயிற்று. ‘ரலியை எடுத்துக்கொண்டு வா’ என்றால் ஆகுபெயருக்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. பின்னாளில் உள்நாட்டுத் தயாரிப்பான லுமாலாவும் அவ்வாறே ஆயிற்று. முன்சில்லுக்கு 32 கம்பி, பின்சில்லுக்கு 40 கம்பி என்பது பழைய ஆங்கிலேயச் சைக்கிளின் கணக்கு. ஏறுகிறவனின் பாரமும் கரியரில் ஏற்றும் பாரமும் பின்னுக்கே விழுவதால் இந்த வேறுபாடு. சீதனப் பேச்சில் காணி, நகை என்பவற்றோடு சைக்கிளும் இடம்பெற்ற காலம் அது. உள்ளூராட்சி மன்றத்துக்கு வருடாவருடம் வரி கட்டித் தகடு வாங்கிப் பூட்ட வேண்டும். இரவில் விளக்கில்லாமல் போனாலோ இருவராக ஏறிப் போனாலோ பொலிஸார் பிடிப்பர்.

தமிழாசிரியன் என்ற வகையில் இந்த வண்டி நம் மொழிக்குள் ஏறி இறங்கிய விதம் எனக்கு மிகப் பிடிக்கும். அரசாங்கப் படிவத்தில் அது துவிச்சக்கரவண்டி. தொண்ணூறுகளில் பேக்கரிகளெல்லாம் வெதுப்பகங்களானபோது அது ஈருருளியாயிற்று. சனங்களின் வாயிலோ எந்நாளும் சைக்கிள்தான். ஆனால் அதை ஓட்டும் செயலுக்கு நம்மவர் இரவல் சொல்லைத் தேடவில்லை. தமிழ்நாட்டார் மிதிப்பார்கள், நாங்கள் உழக்குவோம். பழைய செய்யுள்களில் போர்க்களத்தை யானை உழக்கும். அந்த உழக்குதலே பல நூற்றாண்டு தாண்டி வந்து பெடலில் கால் வைத்திருக்கிறது. காற்றை உள்ளே விட்டு வெளியே விடாது தடுக்கும் ‘வால்வு’ எங்கள் வாயில் வால்கட்டையாயிற்று. அதற்கும் வாலுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இருந்தும் ரியூபிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் அதைப் பார்க்கும்போது இதைவிடப் பொருத்தமான பெயர் வேறில்லை என்றே தோன்றும்.

இனி ‘கழுவிப் பூட்டுதல்’ என்ற தொடருக்கு வருவோம். வருடத்துக்கு ஒருமுறையேனும், பெரும்பாலும் மாரி முடிந்த கையோடு, சைக்கிளை அக்கக்காகக் கழற்றுவார்கள். அச்சு, கோன், போல்ஸ் எனப்படும் உருக்குக் குண்டுகள் யாவும் ஒரு பேணியில் மண்ணெண்ணெய்க்குள் மூழ்கும். பழைய கிறீஸும் மண்ணும் கரைந்தபின் துணியால் துடைத்து, புதுக் கிறீஸில் குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்துத் திரும்பவும் பூட்டுவார்கள். கோனை அதிகம் இறுக்கினால் சில்லு சுற்றாது. தளர விட்டால் ஆடும். இறுக்கத்துக்கும் தளர்ச்சிக்கும் நடுவே ஒரு மயிரிழை இடம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பது விரல்தான், கண்ணல்ல. நெளிந்த றிம்மை நேராக்குவதும் அப்படியே. கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, ஓசை தாழ்ந்த கம்பியை இறுக்கி, எதிர்ப்பக்கத்துக் கம்பியைச் சற்றுத் தளர்த்துவார்கள். வீணைக்குச் சுருதி கூட்டுகிறவனுக்கும் இவனுக்கும் அதிக தூரமில்லை.

ஒட்டுப் போடுவது இன்னும் சாதாரண வேலை. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவருக்காவது தெரிந்திருந்த வேலை. காற்றடித்த ரியூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமிழ்த்திக் குமிழி வருமிடத்தைக் காண வேண்டும். அந்த இடத்தை ஈரம் போகத் துடைத்து, ஆணியால் துளைத்த தகரத்தால் உரஞ்சிச் சொரசொரப்பாக்க வேண்டும். சொலூசனைப் பூசியபின் பொறுத்திருக்க வேண்டும். அவசரக்காரன் இங்கேதான் தோற்பான். சொலூசன் காய்ந்து விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதத்திலேயே பழைய ரியூபில் வெட்டிய துண்டை வைத்துத் தட்ட வேண்டும். கடைசியாக ரயரின் உட்புறத்தை விரலால் தடவி முள்ளைத் தேட வேண்டும். முள்ளை எடுக்காமல் ஒட்டுப் போட்டவன் அடுத்த சந்தியில் மறுபடி இறங்குவான்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. யாழ்தேவி நின்றது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லையென்றாயிற்று. எரிபொருள், மின்கலம், சீமெந்து, இரும்பு என்று தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் அளவோடு வந்து, விலையோடு விற்றது. பத்திரிகைகளே கோடிட்ட கொப்பித் தாளில் அச்சான நாள்கள் உண்டு. இந்நிலையில் சைக்கிளின் உறுப்புகள் ஒவ்வொன்றாகத் தம் தொழிலை விட்டு வேறு தொழிலுக்குப் போயின.

முதலில் போனது டைனமோ. ரயரின் பக்கவாட்டில் உருளை உரசச் சுழன்று முன்விளக்கை எரிக்கும் அந்தக் குப்பி வடிவப் பொறி தருவது 6 வோல்ற், 3 வாற். வானொலிப் பெட்டிக்கு அவ்வளவு போதும். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. டைனமோவின் மின்சாரம் திசை மாறி மாறி ஓடுவது. மின்கலத்தினுடையது ஒரே திசையில் ஓடுவது. இடையிலே ஒரு டயோட்டை வைத்து ஒரு திசையை மறித்து, ஒரு கொள்ளளவியால் இரைச்சலை அடக்கினால் பெட்டி பேசும். சைக்கிளைச் சீற்றிலும் ஹாண்டிலிலும் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றுவது வீட்டுப் பையனின் கடமை. எனக்கும் வாய்த்த கடமைதான் அது. மெதுவாகச் சுற்றினால் குரல் அமுங்கும். வேகமாகச் சுற்றினால் பெட்டிக்கு ஆபத்து. இரவில் பி.பி.சி. தமிழோசை முடியும்வரை ஒரே சீராகச் சுற்ற வேண்டும். செய்தியைக் கேட்க அயலவர் கூடியிருப்பர். முக்கியமான இடத்தில் கை சளைத்தால் திட்டும் விழும். பிற்காலத்தில் யாப்பிலக்கணம் படித்தபோது சீர் என்பது எனக்குக் கையால் விளங்கிய விடயமாக இருந்தது. அந்தத் தமிழோசை வானொலிச் சேவை 2017 ஏப்ரலில் நிறுத்தப்பட்டுவிட்டது.

அடுத்து வால்வுக் குழாய். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை இட்டு, அது நனையும் அளவுக்கே மண்ணெண்ணெய் விட்டு, நடுவிலே திரியைத் தாங்க ஒரு சிறு உலோகக் குழாய் வைத்தால் விளக்கு ஆயிற்று. அந்தக் குழாய் பழைய ரியூபிலிருந்து வெட்டியெடுத்த வால்வுதான். போத்தலின் சுவர் காற்றை மறைத்தது. சிறு திரி எண்ணெயைச் சிக்கனப்படுத்தியது. அந்த ஒளியில் படித்துச் சோதனை எழுதியவர்கள் இன்று உலகின் பல நகரங்களில் இருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளும் பழைய மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றின் புகை ஒழுங்கை முழுக்க நெடுநேரம் நிற்கும். கழுவிப் பூட்டுவதற்கு மண்ணெண்ணெய் என்பது அந்நாளில் ஆடம்பரம். ஒரு பேணி எண்ணெயில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று சைக்கிள் கழுவி, அடிமண்டியை வடித்து, அடுத்ததற்கென்று எடுத்து வைப்பார்கள்.

இந்தக் காலத்தைப் பற்றி இப்போது பேசுகிறவர்கள், ‘தடை எங்களைக் கெட்டிக்காரர் ஆக்கியது’ என்று மார்தட்டுவதைக் கேட்கிறேன். எனக்கு இதில் உடன்பாடில்லை. மருந்தில்லாமல் இறந்தவர்களை வைத்துப் பார்த்தால் அந்தப் பெருமிதம் கசக்கிறது என்பது ஒரு புறம். மற்றது, அது உண்மையும் அல்ல. தடை எதையும் கற்றுத் தரவில்லை. முன்பே கற்றிருந்ததை எடுத்துச் செலவழித்தது. பல பத்தாண்டுகளாகச் சைக்கிள் கடைக் கொட்டில்களில் சேர்ந்திருந்த விரலறிவும், ரியூசன் கொட்டிலில் படித்த பௌதிகமும், வானொலி திருத்துகிறவரின் ஈயப்பற்றாசும் இருந்தபடியால்தான் டைனமோ பாடியது.

இதற்கு வெளியுலகிலும் சான்று உண்டு. நெதர்லாந்து, யாழ்ப்பாணத்தைப் போலத் தட்டையான நாடு. சைக்கிள் அங்கே அன்றாடப் பொருள். 1944-45 இன் பசிக் குளிர்காலத்தில் மின்சாரம் அற்றுப்போனபோது அந்த மக்களும் வீட்டினுள்ளே சைக்கிளை நிறுத்தி உழக்கி, டைனமோவில் விளக்கெரித்தனர். ரயர் கிடைக்காமல் மரச் சில்லோடும் ஓடினர். எங்களைப் பார்த்து அவர்களோ, அவர்களைப் பார்த்து நாங்களோ செய்யவில்லை. கியூபாவின் கதை வேறு. சோவியத் ஒன்றியம் 1991 இல் கலைந்து எண்ணெய் வரத்து வீழ்ந்தபோது அந்நாடு சீனாவிலிருந்து பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட சைக்கிள்களை இறக்கியது. ஆனால் சைக்கிள் அங்கே அதுவரை பரவலான வழக்கமாக இருக்கவில்லை. ஓடவும் திருத்தவும் புதிதாகவே பழக வேண்டியிருந்தது. சைக்கிளைக் கப்பலில் இறக்கலாம். மயிரிழை இடத்தை அறியும் விரலை எந்தக் கப்பலில் இறக்குவது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பேருந்து அருகிய அந்நாள்களில் பெண்கள் பெருந்தொகையாகச் சைக்கிளில் ஏறினர். முன்னரும் சிலர் ஏறியதுண்டு. ஊர் அதை ஒரு மாதிரியாகப் பார்த்ததும் உண்டு. இப்போது சேலை உடுத்த ஆசிரியை, வெள்ளைச் சீருடை மாணவி, ஆஸ்பத்திரித் தாதி என்று எல்லாரும் உழக்கினர். பின்சில்லில் சேலை சிக்காதிருக்க வலை பூட்டினர். சைக்கிளில் ஏறியவளுக்கு வால்கட்டையும் செயினும் தெரியாமல் முடியாது. கழன்ற செயினைக் கறுத்த விரலோடு மாட்டிவிட்டு, தாவணியில் படாமல் கையை வேலியோரப் புல்லில் துடைக்கும் பெண்பிள்ளையை யாரும் திரும்பிப் பார்க்காத நிலை சில வருடங்களுக்குள் வந்தது. மேடைப் பேச்சுகள் நெடுங்காலம் முயன்றும் செய்யாததை ஒரு செயின் செய்தது எனலாம்.

கிளாலிக் கடலேரியிலே சைக்கிளும் வள்ளம் ஏறியது. இருளில், இராணுவத்தின் கண்ணுக்கு மறைந்து செல்லும் பயணம். 1993 சனவரியில் அந்த நீரிலேயே பலர் கொல்லப்பட்டனர். அக்கரை சேர்ந்தவர்கள் வன்னிக் காட்டுப் பாதைகளில் உழக்கி வவுனியா நோக்கிப் போயினர். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுதும் பெயர்ந்தது. நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் மழையினூடே நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நகர்ந்தனர். கரியரில் அரிசி மூட்டை, பாரில் குழந்தை, ஹாண்டிலில் வாளியும் லாந்தரும். நெருக்கத்தில் ஒருவருமே ஏறி ஓடவில்லை. இரவு முழுவதும் தள்ளினர். அன்றிரவு காற்றுப் போன ரியூபுக்கு ஒட்டுப் போட நின்றவர் எவருமில்லை. றிம்மிலேயே உருட்டிக்கொண்டு போனார்கள்.

2002 ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்தபின் இந்திய மோட்டார் சைக்கிள்கள் வந்து நிறைந்தன. 2006 ஓகஸ்டில் பாதை மூடியபோது சைக்கிள் மீண்டும் தலையெடுத்தது. போர் முடிந்தபின் திரும்பவும் தாழ்வாரத்தில் சாய்ந்தது. 2022 யூன் கடைசியில் நாடு முழுவதும் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவிக்கப்பட்டபோது கொழும்பிலும் சைக்கிள் விலை ஏறியது. எங்கள் ஒழுங்கையிலும் தூசி தட்டி வெளியே எடுத்தார்கள். ரயர் வெடித்திருந்தது, கோன் துருவேறியிருந்தது. சந்தியிலுள்ள கடைக்காரருக்கு எழுபதைக் கடந்த வயது. பின்னால் நின்று பழகுவதற்குப் பையன் இல்லை. கழுவிப் பூட்ட ஒரு கிழமை காத்திருக்கச் சொன்னார்.

அதன்பின் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன்: சைக்கிளின் உறுப்புகளுக்கும் அதைத் திருத்தும் செயல்களுக்கும் உங்கள் வீட்டில் வழங்கும் சொற்களைக் கேட்டு எழுதி வாருங்கள் என்று. கொப்பிகளைத் திருத்தும்போது ஒன்று கவனத்துக்கு வந்தது. சொற்களைச் சொல்லிக் கொடுத்தவர் யார் என்ற இடத்தில் பெரும்பாலான பிள்ளைகள் ‘அம்மா’ என்றே எழுதியிருந்தனர். அந்த அம்மாமார் 1990க்கும் 1995க்கும் இடையில் பள்ளிக்கூடம் போனவர்கள். ‘உரஞ்சுதல்’ என்ற சொல்லுக்கு நேரே ஒரு பையன், தாயார் சொன்னபடி இப்படி எழுதியிருந்தான்: ‘ஒட்டுப் போட முதல் செய்வது. தகரம் இல்லாவிட்டால் சீமெந்து நிலத்திலும் உரஞ்சலாம்.’