ஒடுங்கு பண்பு: ஒரு சொல்லும் அதன் வரலாறும்

தமிழ் கற்றார்க்கு 'மரபியல்' என்னும் சொல் புதிதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயல் அப்பெயருடையது. உயிர்களின் இளமைப் பெயர்களையும் ஆண்பாற் பெயர்களையும் பெண்பாற் பெயர்களையும் அது தொகுத்துரைக்கிறது. இன்று அதே சொல்லால், பெற்றோர் பண்புகள் பிள்ளைகளை அடையும் வகையை ஆராயும் அறிவியலைக் குறிக்கிறோம்.

ஆயினும் பேச்சு வழக்கில் 'இரத்தத்தில் வந்தது' என்கிறோம். இரு நீர்மங்களைப் போலப் பெற்றோர் பண்புகள் கலந்துவிடும் என்றே பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் பலர் கருதினர். கலந்தவை மீளப் பிரியா எனின், பாட்டியின் சாயல் மகளிடம் மறைந்து பெயர்த்தியிடம் தோன்றுவது எங்ஙனம்?

இவ்வினாவிற்கு வழிகாட்டியவர் கிரிகோர் மெண்டல் என்னும் துறவி. இன்றைய செக் நாட்டின் புருனோ நகர மடத்துத் தோட்டத்தில், 1856 முதல் 1863 வரை அவர் பட்டாணிச் செடிகளை ஆராய்ந்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் இணைத்தபோது, விளைந்த விதைகள் யாவும் உருண்டையாகவே இருந்தன. அவற்றை விதைத்துத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டார். கிடைத்த 7,324 விதைகளில் 5,474 உருண்டையானவை, 1,850 சுருங்கியவை. மறைந்த பண்பு, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காக, மாற்றமின்றித் திரும்பியிருந்தது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? ஒரு பண்புக்குரிய காரணிகள் இரண்டு. தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று. அவை ஒருங்கிருப்பினும் கரைவதில்லை. இனப்பெருக்க அணுக்கள் உருவாகும்போது பிரிந்து செல்கின்றன. வெளிப்படும் பண்பை 'ஓங்கு பண்பு' என்றும், மறைந்து நிற்பதை 'ஒடுங்கு பண்பு' என்றும் வழங்குகிறோம்.

மெண்டல் 1865இல் உரைத்து 1866இல் அச்சிட்ட இவ்வாய்வை அக்காலம் பொருட்படுத்தவில்லை. அவர் 1884இல் மறைந்தார். 1900இல் தெ விரீசு, கோரென்சு, செர்மாக் ஆகியோரின் ஆய்வுகளால் அது மீண்டும் வெளிவந்தது. அக்காரணிக்கு 1909இல் யோகான்சன் 'ஜீன்' எனப் பெயரிட்டார். நாம் 'மரபணு' என்கிறோம்.

'ஒடுங்கு' என்பதற்கு 'அழிந்தது' என்றோ 'தாழ்ந்தது' என்றோ மாணவர் பொருள் கொள்ளலாகாது. கடுந்தலசீமியா நோயுள்ள குழந்தை பிறந்தால் தாயைப் பழிப்பார் இன்றும் உளர். பெரும்பாலும் அதற்குரிய மரபணு இருவரிடமிருந்தும் ஒவ்வொன்றாக வருகிறது. பெற்றோர் இருவரும் நலமுடையவராகவே காணப்படுவர். அத்தகையோர்க்கு ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. முதற்குழந்தைக்கு நோய் வந்தமையால் அடுத்த மூவரும் தப்புவர் என்பதன்று. ஒரு கலைச்சொல்லை நாம் செவ்விதின் விளக்கின், ஒரு தாயின்மீது சுமத்தப்படும் பழி நீங்கும்.