தையற்காரி வைத்திருந்த கணக்கு
(வரலாற்றுத் தொடர் – 6)

சென்ற வாரம் அவளை மருத்துவர் முன்னால் நிறுத்திவிட்டு வந்தோம். ஆண்டு 1895. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் நகரம். தையல் வேலை செய்து பிழைக்கும் பெண் அவள். முகத்தில் தீராத கவலை. காரணம் கேட்டவர் நோயியல் மருத்துவர் ஆல்ட்ரெட் வார்த்தின்.

தான் வயதாகும் முன்பே புற்றுநோயில் சாகப்போவதாக அவள் சொன்னாள். வயிற்றில் வரும், அல்லது குடலில், அல்லது கருப்பையில். அவள் வீட்டில் அநேகம் பேர் அப்படித்தான் போயிருந்தார்கள்.

வார்த்தின் அதை வீண் பயமென்று தள்ளவில்லை. அவள் சொன்ன உறவுகளை ஒவ்வொருவராக எழுதிக்கொண்டார். அவள் சொன்னபடியே நடந்தது. கருப்பைப் புற்றுநோய் இளவயதிலேயே அவளைக் கொண்டுபோனது. 1913இல் அவர் கணக்கை அச்சிட்டார். ஒரே பாட்டனின் வழிவந்த 48 பேரில் 17 பேர் புற்றுநோயால் இறந்திருந்தார்கள், அல்லது அதற்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார்கள்.

இங்கே கதையைச் சற்று நிறுத்தி, திருகோணமலையிலிருந்து நிலாவெளி வீதியால் சாம்பல்தீவுக்கு வருகிறேன். அந்தத் தையற்காரியின் கணக்கு நம் ஊர்ப் பெண்களிடமும் இருக்கிறது. "அம்மம்மாவுக்கு மார்பில வந்தது, சின்னம்மாவும் அதாலதான் போனவ" என்று அடுப்படியில் மெல்லக் கதைப்பார்கள். கலியாணப் பேச்சு வந்ததும் அந்தக் கதை நின்றுவிடும். பெண் கேட்டு வருகிறவர்களுக்கு மறைப்பது போதாதென்று கிளினிக்கில் டாக்டருக்கும் மறைக்கிறோம். கடைசியில் மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு நெடுந்தூரம் பஸ் ஏறும்போதுதான் வாய் திறக்கிறோம். இந்த மௌனம் நம் பெண்களைக் கொல்கிறது.

சரி, அந்தத் தையற்காரியின் குடும்பத்தில் என்னதான் ஓடியது?

கடலுக்குப் போன வலை கிழியாமல் கரைக்கு வராது. காலையில் கரையில் குந்தியிருந்து பொத்துவார்கள், மறுநாளும் அதே வலை மீன் பிடிக்கும். நம் கலங்களுக்குள் இருக்கும் டி.என்.ஏ.யும் நாள்தோறும் பழுதாகிறது. வெயிலாலும் புகையாலும் மட்டுமல்ல, கலம் பிரியும்போது படியெடுப்பதிலும் பிழை விழும். அந்தப் பழுதைத் தேடித் திருத்துவதற்கென்றே சில மரபணுக்கள் இருக்கின்றன. பாடப்புத்தகத்தில் பரம்பரையலகு என்று படித்தோமே, அதுதான்.

அதில் தாய் தரும் படி ஒன்று, தகப்பன் தரும் படி ஒன்று. ஒரு படி பிறப்பிலேயே ஊனமாக இருந்தாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். எங்கோ ஒரு கலத்தில் அந்த நல்ல படியும் கெட்டால்தான் ஆபத்து. பொத்த ஆளில்லாத வலைபோல அந்தக் கலத்தில் பிழைமேல் பிழை சேரும். ஆகவே பிறப்பில் வருவது நோயல்ல, நோய்க்கான வாய்ப்பு. பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அந்த ஊனப் படி போய்ச்சேரச் சரிபாதி வாய்ப்பு. "தாய் வழியில்தான் வரும்" என்பது தவறு. தகப்பன் நோயில்லாமலே மகளுக்குக் கொடுத்துவிடக்கூடும்.

தையற்காரியின் குடும்பத்தில் ஊனமாயிருந்தது படியெடுக்கும் பிழையைத் திருத்தும் எம்.எஸ்.எச்.2 என்ற மரபணு. அது தெரியவந்தது 2000ஆம் ஆண்டில். அவள் வாய் திறந்து 105 ஆண்டுகள்!

மார்பகப் புற்றுநோயின் கதை வேறு வழியால் வந்தது. மேரி கிளேர் கிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஆண்டுக்கணக்காகக் குடும்பம் குடும்பமாக ஆராய்ந்து, 1990இல் அந்நோயைப் பரம்பரையாகக் கொண்டுவரும் ஒரு மரபணு 17ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது என்றார். பி.ஆர்.சி.ஏ.1 எனப் பெயர் பெற்ற அதுவும் பழுது திருத்தும் மரபணுவே. ஊனப் படி உள்ள பெண்களில் நூற்றுக்கு 72 பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரக்கூடும் என்று 2017இல் ஒரு பெரிய ஆய்வு கணித்தது.

நம் நாட்டிலும் தேடினார்கள். 2008இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இலங்கைப் பெண்களின் பி.ஆர்.சி.ஏ.1இல் புதிய மாற்றங்களைப் பதிவு செய்தார்கள். 2018இல் மார்பகப் புற்றுநோய் கண்ட 350 பெண்களையும் நோயில்லாத 350 பெண்களையும் ஒப்பிட்டபோது, எக்ஸ்.ஆர்.சி.சி.2 என்ற இன்னொரு திருத்தும் மரபணுவின் ஒரு மாற்றம் ஆபத்தைச் சற்றுக் கூட்டுவது தெரிந்தது.

வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். இன்றிரவு தாய் வழி, தகப்பன் வழி இரண்டிலும் யாருக்கு, எந்த வயதில், எந்த இடத்தில் புற்றுநோய் வந்ததென்று ஒரு தாளில் எழுதி, அடுத்த முறை டாக்டரிடம் கொடுங்கள்.

இனிக் கதைக்குத் திரும்புவோம். கிங் காட்டிய இடத்தை நோக்கி 1990இல் ஆய்வுக்கூடங்கள் ஓடத் தொடங்கின. 1994இல் யூட்டா மாநிலத்து அணியொன்றின் கையில் அந்த மரபணு அகப்பட்டது. அந்தச் செய்தி அறிவியல் இதழில் அச்சாகும் முன்பே, அதற்கு உரிமை கேட்டு ஒரு விண்ணப்பம் காப்புரிமை அலுவலகத்துக்குப் போயிருந்தது.

(தொடரும்)