சயாம் மரண ரயிலும் பேசாத வீடுகளும்

இரண்டாம் உலகப் போரில் மலாயாவைப் பிடித்த ஜப்பானியப் படை, 1942-43ல் சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. இதற்காக மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டனர். காலரா, மலேரியா, பட்டினி, அடி என்று அங்கே மாண்டவர்கள் ஆயிரக்கணக்கில்.

உயிரோடு திரும்பியவர்களில் பலர் வீட்டில் வாயே திறக்கவில்லை. கூட இருந்தவர்கள் செத்து விழுந்ததைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

அதே பாதையில் நேச நாட்டுப் போர்க் கைதிகள் சுமார் 12,000 பேர் இறந்தனர். தப்பி வந்த கைதிகளிலும் பலர் பேசவில்லைதான். ஆனால் ராணுவப் பதிவேடு பேசியது. தாய்லாந்தின் காஞ்சனபுரி கல்லறையில் பெயர் பொறித்த கற்கள் வரிசையாக இருக்கின்றன. பேரன் தேடிப் போனால் தாத்தாவைக் கண்டுபிடிக்கலாம்.

தோட்டத் தொழிலாளிகளுக்கு முழுமையான பெயர்ப்பட்டியல்கூட இல்லை. காட்டில் புதைத்த இடமும் தெரியாது, திதி கொடுக்க இறந்த நாளும் தெரியாது. அவர்களுக்கு இருந்த ஒரே பதிவேடு வீட்டுப் பெரியவர்களின் ஞாபகம். அது பேசாமலே மூடிக்கொண்டபோது பேரப்பிள்ளைகளுக்கு மிஞ்சியது, "சயாமுக்குப் போனார், வரவில்லை" என்ற ஒரே வரிதான்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு வரி இருக்கிறதா? கேட்க ஆள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.