பிரசங்க பீடத்தின் பாரம்: செவில் முதல் ஏதென்ஸ் வரை



தென் ஐரோப்பிய நகரங்களில் எடுத்த சில புகைப்படங்களை இவ்வாரத் தியானத்தோடு உங்கள் முன் வைக்கிறேன். வெண்சுவர்த் தெருக்கள், பழைய ஆலயங்கள், கடலோரச் சதுக்கம் ஆகியவை பார்வைக்கு வெறும் பயணக் காட்சிகளே. ஆயினும் அவற்றைக் கால வரிசையில் அடுக்கிப் பாருங்கள். பிரசங்க பீடத்திலிருந்து புறப்பட்ட ஒரு சொல் எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதை அவை நமக்குக் காட்டும்.

முதற்படம் ஸ்பெயின் தேசத்துச் செவில் நகரின் சாந்தா குரூஸ் பகுதி. ஆரஞ்சு மரங்கள் நிற்கும் சிறு முற்றங்களும், இருவர் எதிரெதிரே வந்தால் ஒதுங்கி நடக்க வேண்டிய சந்துகளும் நிறைந்த இடம். சாந்தா குரூஸ் என்றால் பரிசுத்த சிலுவை என்று பொருள். இப்பகுதி முன்னாளில் யூதர் குடியிருப்பாக இருந்தது. ஃபெரான் மார்ட்டினெஸ் என்னும் குருவானவர் ஆர்ச்டீக்கன் பொறுப்பில் இருந்துகொண்டு, 1378 முதல் இந்நகரில் யூதருக்கு விரோதமாகப் பிரசங்கித்து வந்தார். அவர்களுடைய ஜெப ஆலயங்களை இடிக்க வேண்டும் என்று மக்களைத் தூண்டினார். அரசரும் பேராயரும் அவரைக் கண்டித்தனர், அவர் அடங்கவில்லை. 1390-இல் அவ்விருவரும் மரித்தபின் அவரைத் தடுப்பார் இல்லை. 1391 ஜூன் 6 அன்று மக்கள் திரண்டு யூதர் குடியிருப்புக்குள் புகுந்தனர். பலர் கொல்லப்பட்டனர், பலர் உயிருக்கு அஞ்சி ஞானஸ்நானம் பெற்றனர். ஜெப ஆலயங்கள் கிறிஸ்தவ தேவாலயங்களாயின. அவற்றுள் ஒன்றாகிய சாந்தா மரியா லா பிளாங்கா இன்றும் அங்கே நிற்கிறது. அக்கலகம் சில வாரங்களுக்குள் கோர்டோபா, டொலேடோ, வலென்சியா, பார்சிலோனா வரை பரவிற்று.

சிந்தியுங்கள். கையில் ஆயுதம் எடுத்தவர்கள் அந்நகரத்துச் சாதாரண மக்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் செவிகளில் விழுந்தது ஒரு போதகரின் குரல்.

அடுத்த படம் கோர்டோபாவின் ஜெப ஆலயம். 1315-இல் கட்டப்பட்டது. ஏறத்தாழ 7 மீட்டர் நீளமும் அதற்குச் சற்றுக் குறைந்த அகலமும் கொண்ட ஒரே கூடம். சுண்ணச் சாந்தில் செதுக்கிய பூவேலைகளுக்கு நடுவே எபிரெய எழுத்துகள் ஓடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை சங்கீதப் புத்தகத்தின் வசனங்கள். நாம் ஞாயிறுதோறும் வாசிக்கும் அதே சங்கீதங்களை வாசித்துத் தொழுத மக்களே அங்கிருந்து துரத்தப்பட்டனர். 1492 மார்ச் 31 அன்று கிரனாடா நகரின் அல்ஹம்ப்ரா அரண்மனையில் இசபெல்லா அரசியும் பெர்டினாந்து அரசரும் கையொப்பமிட்ட ஆணை, ஞானஸ்நானம் பெறாத யூதர் யாவரும் நான்கு மாதங்களுக்குள் நாட்டை விட்டு நீங்க வேண்டும் என்றது. கத்தோலிக்க அரசர் என்னும் பட்டத்தால் உலகம் அறிந்திருப்பது இவ்விருவரையே.

துரத்தப்பட்டவர்களில் ஒரு பெருங்கூட்டம் கப்பலேறி ஒட்டோமான் பேரரசின் துறைமுகங்களை அடைந்தது. சுல்தான் இரண்டாம் பயஸித் அவர்களை ஏற்றுக்கொண்டார். அவ்வாறு அவர்கள் குடியேறிய நகரங்களுள் முதன்மையானது, வேதாகமத்தில் நாம் நன்கறிந்த தெசலோனிக்கே. பவுல் மூன்று ஓய்வுநாட்கள் ஜெப ஆலயத்தில் வேதவாக்கியங்களை எடுத்துச் சம்பாஷித்த அதே நகரம் (அப்போஸ்தலர் 17). அங்கே அவர்கள் தாங்கள் இழந்த நாட்டின் ஸ்பானிய மொழியை விட்டுவிடவில்லை. லாடினோ என்று அழைக்கப்பட்ட அம்மொழியை நானூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தனர். துறைமுகத் தொழிலாளரில் யூதர் மிகுந்திருந்தமையால் சனிக்கிழமைகளில் துறைமுகமே மூடப்பட்டிருந்தது.

மூன்றாம் படத்தில் நீங்கள் காண்பது அந்நகரின் எலெப்தெரியாஸ் சதுக்கம். விடுதலைச் சதுக்கம் என்பது அதன் பொருள். 1942 ஜூலை 11, ஓர் ஓய்வுநாளில், நாசி ஆட்சியாளர் ஏறத்தாழ 9,000 யூத ஆண்களை இங்கே கூட்டி, கொளுத்தும் வெயிலில் மணிக்கணக்காக நிறுத்தி அவமானப்படுத்தினர். அவ்வாண்டு டிசம்பரில், நகர நிர்வாகத்தின் துணையோடு, யூதரின் பழைய கல்லறைத் தோட்டம் இடிக்கப்பட்டது. கல்லறைக் கற்கள் வீடுகளுக்கும் பாதைகளுக்கும், தேவாலயப் பணிகளுக்குங்கூட எடுத்துச் செல்லப்பட்டன. இன்று அவ்விடத்தில் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் வளாகத்தில் ஒரு நினைவுச் சின்னம் நிறுவப்பட்டது 2014-இல்தான். 1943 மார்ச் 15 அன்று முதல் இரயில் ஆஷ்விட்ஸ் முகாமை நோக்கிப் புறப்பட்டது. சில மாதங்களுக்குள் 45,000-க்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பி வந்தோர் மிகச் சிலரே.

1943-இன் கொடுமைக்கு 1391-இன் குருவானவரே காரணம் என்று கூறுவது வரலாற்றுக்கு நியாயமாகாது. நாசிகளின் இனவெறிக்கு வேறு வேர்களும் உண்டு. ஆயினும் யூதர் சபிக்கப்பட்டவர் என்று பல நூற்றாண்டுகளாகச் சபைகள் கேட்டுப் பழகியிருந்தன. அயலான் வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்படும்போது கதவைச் சாத்திக்கொள்ள அப்பழக்கமும் கற்றுக்கொடுத்தது.

எனினும் இவ்வரிசையில் வைப்பதற்கு இன்னொரு படம் உண்டு. அது ஏதென்ஸ், நம் வேதாகமத்தின் அத்தேனே. அந்த மார்ச் மாதத்திலேயே அங்கே பேராயர் தமஸ்கினோஸ், நாட்டின் அறிஞர் பலருடைய கையொப்பத்தோடு, ஆட்சியாளருக்கு வெளிப்படையாக ஒரு கண்டனக் கடிதம் எழுதினார். அதில் அவர் சான்றாக எடுத்தாண்டது கலாத்தியர் 3:28. தெசலோனிக்கேயின் இரயில்களை அக்கடிதம் நிறுத்தவில்லை. ஆனால் ஏதென்ஸில் பல கதவுகள் திறந்தன; பலர் மறைத்துக் காக்கப்பட்டனர். சாக்கிந்தோஸ் தீவில், அங்குள்ள யூதரின் பட்டியலைக் கேட்ட ஜெர்மானியரிடம் பேராயர் கிறிசோஸ்தமோசும் நகரத் தலைவர் கார்ரெரும் கொடுத்த தாளில் இரண்டே பெயர்கள் இருந்தன, இரண்டும் அவர்களுடையவை. அத்தீவின் 275 யூதரும் உயிர் பிழைத்தனர்.

மார்ட்டினெஸின் கையிலும் தமஸ்கினோஸின் கையிலும் இருந்தது பவுலின் அதே நிருபங்கள் அல்லவா? அவற்றை வாசித்த ஒருவர் அயலானை எதிரியாகவும், மற்றவர் உடன்பிறந்தவனாகவும் கண்டனர்.

பெரிய வெள்ளியன்று ஏழு வார்த்தைகளைத் தியானிக்க நாம் கூடும்போது, "யூதர்கள்" என்னும் சொல் எத்தனை முறை எவ்விதமாக நம் பீடங்களில் உச்சரிக்கப்படுகிறது? நம் தெருவில் வேறு விதமாகத் தொழுகிற குடும்பத்தைக் குறித்து நம் பிள்ளைகள் ஆலயத்தில் கேட்டுச் செல்வது என்ன? இது போதகர்களுக்கு மட்டுமான கேள்வி அன்று. செவில் நகரில் அந்தப் பிரசங்கங்களுக்குத் தலையசைத்த சபையார் இருந்தனர். வெறுப்பு கலந்த ஒரு சொல் பீடத்திலிருந்து வருமானால், ஆராதனை முடிந்தபின் போதகரைத் தனியே கண்டு அதைச் சொல்லும் பொறுப்பு உங்களுக்கு உண்டு. இந்த வாரம் யாக்கோபு மூன்றாம் அதிகாரத்தையும் ரோமர் பதினோராம் அதிகாரத்தையும் குடும்பமாக அமர்ந்து வாசியுங்கள்.

கர்த்தாவே, எங்கள் வாய்க்குக் காவல் வையும். உமது நாமத்தைச் சொல்லி உமது பிள்ளைகளை நாங்கள் வெறுக்காதபடி எங்களைக் காத்தருளும். ஆமென்.